எரியத் தாமதிக்கும் கரி

பள்ளி அறிவியல் தேர்வில் இது ஒரு மதிப்பெண் கேள்வி: மெழுகுவர்த்தி எரியும்போது நிகழும் ஆற்றல் மாற்றம் யாது? வேதி ஆற்றல் வெப்ப ஆற்றலாகவும் ஒளி ஆற்றலாகவும் மாறுகிறது என்று எழுதினால் முழு மதிப்பெண். விடையில் பிழை கிடையாது. ஆனாலும் வெப்பத்தையும் ஒளியையும் அருகருகே சரிசமமாக உட்கார வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்தல். மெழுகு எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறினாலே அதிகம். அந்தத் துளி ஒளியும் எரிதல் ஒழுங்காக நடப்பதால் வருவதில்லை. எரிந்து முடிந்திருக்க வேண்டிய கரி சற்றே தாமதிப்பதால் வருகிறது. நாம் மயங்கிப் பார்க்கும் மஞ்சள் முழுவதும் அந்தத் தாமதம்தான்.

இந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு மைக்கேல் ஃபாரடே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், சிறுவர் சிறுமியருக்காக. 1848இல் ஒருமுறை, 1860–61 குளிர்காலத்தில் மறுபடியும். இரண்டாம் முறை பேசியதை வில்லியம் குரூக்ஸ் பதிப்பிக்க, 1861இல் நூலாக வந்தது. ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், குழந்தைகள் முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு நின்றார். இயற்கையைப் படிக்க இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது அவர் கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

முதல் சொற்பொழிவில் அவர் எடுத்துக் காட்டிய மெழுகுவர்த்திகளில் ஒன்று கடலுக்கு அடியிலிருந்து வந்தது. 1782 ஆகஸ்டில் ஸ்பிட்ஹெட் துறையில் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலிலிருந்து மீட்டது. பல பத்தாண்டுகள் உப்புத் தண்ணீரில் கிடந்து, வெடிப்பு விட்டு, உடைந்துபோன துண்டு. பற்றவைத்ததும் சாதாரணமாக எரிந்தது. வேதி ஆற்றல் என்பதன் முதல் நயம் இதுதான். சூடான தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஆறிப்போகும். சுழலும் பம்பரம் சாய்ந்துவிடும். மெழுகுக்குள் இருப்பதோ ஆறாது, தேயாது, கசியாது. காற்று எப்போதும் அதைச் சூழ்ந்திருக்கிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அந்தக் காற்றிலேயே இருக்கிறது. இருந்தும் தானாகப் பற்றுவதில்லை. மூலக்கூறுகள் தம் பழைய பிணைப்புகளை விட வேண்டுமானால் முதலில் யாராவது கொஞ்சம் ஆற்றல் போட வேண்டும். அந்தச் சிறு தடைதான் அலமாரியில் இருக்கும் மெழுகுவர்த்தியை அலமாரியிலேயே இருக்க வைக்கிறது.

தடையைத் தாண்ட வைப்பது தீக்குச்சி. கையசைவு உரசலாகி, உரசல் சூடாகி, பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸும் குச்சித் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்து வெடித்துப் பற்றுகின்றன. அந்தப் பொறியை மெழுகுக் கட்டியின் மேல் காட்டினால் மெழுகு உருகி வழியும், பற்றாது. திரியில்தான் பற்றும். காரணம், திடமெழுகும் எரியாது, உருகிய மெழுகும் எரியாது. ஆவியான மெழுகு மட்டுமே எரியும். கடையில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆவியாவதற்கோ 300, 400 டிகிரி வேண்டும். திரியின் நுனியில் ஒட்டியிருக்கும் சில துளிகளை மட்டும் அந்த நிலைக்குக் கொண்டுபோகத் தீக்குச்சியால் முடியும். அதற்கு மேல் அதற்குச் சக்தியில்லை, தேவையும் இல்லை.

புதிதாக ஏற்றிய சுடரை முதல் ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஏற்றியதும் நெடுநெடுவென்று நிற்கும். பிறகு திடீரென்று குறுகி, அணையப்போவது போலத் தலை குனியும். அப்புறம் மெல்ல மெல்ல எழுந்து நிலைகொள்ளும். முதலில் எரிந்தது திரியில் ஏற்கனவே ஊறியிருந்த மெழுகு. அது தீர்ந்ததும் சற்றுப் பஞ்சம். அதற்குள் சுடரின் வெப்பம் கீழே இறங்கி, திரியைச் சுற்றி உருகிய மெழுகைக் குளமாகத் தேக்கியிருக்கும். குளத்து மெழுகு நூலிழைகளின் இடுக்குகள் வழியாகத் தானே மேலேறும். நுண்புழை ஏற்றம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். மேலேறிய மெழுகு நுனியில் ஆவியாகி எரிய, அந்த எரிதலின் வெப்பம் மறுபடி கீழே வந்து அடுத்த மெழுகை உருக்கும். வெளிப்படும் ஆற்றல் முழுவதையும் சுடர் வாரி இறைத்துவிடுவதில்லை. ஒரு கிராம் மெழுகைச் சூடாக்கி, உருக்கி, ஆவியாக்க ஏறக்குறைய 1.3 கிலோஜூல் போதும். அந்த ஒரு கிராம் எரிந்து தருவதோ 43 கிலோஜூலுக்குக் குறையாது. அறுவடையில் விதைநெல் எடுத்து வைப்பதுபோல நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் அடுத்த எரிதலுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைச் சுடர் வெளியே விடுகிறது.

இந்த ஒதுக்கீடு எவ்வளவு நுட்பமான அளவில் நடக்கிறது என்பதற்கு ஃபாரடே காட்டிய சோதனை ஒன்று உண்டு. எரியும் மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்தால் அணைந்துவிடுகிறது. எரிபொருள் குறைந்ததால் இல்லை, கூடிப்போனதால்! மெழுகு மளமளவென்று திரிக்கு இறங்கிவருகிறது. அத்தனையையும் ஆவியாக்கச் சுடரிடம் வெப்பம் போதவில்லை. நிமிர்த்தி வைத்த மெழுகுவர்த்தியில் புவியீர்ப்புக்கு எதிராக மெழுகு ஏற வேண்டியிருப்பதே சுடருக்கு அளவாக ஊட்டும் ஏற்பாடு.

மெழுகுக்குளத்தைத் தாங்கும் கிண்ணத்தையும் ஃபாரடே வியந்து வியந்து பேசினார். கிண்ணத்தைச் செய்தவர் யாரும் இல்லை. சூடான காற்று மேலே போகப் போக, அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து குளிர்ந்த காற்று மெழுகுவர்த்தியின் பக்கங்களைத் தடவிக்கொண்டு ஏறுகிறது. அது விளிம்பைக் குளிர வைக்கிறது. நடுவில் உருகுகிறது, ஓரம் உருகாமல் சுவராக நிற்கிறது. சுடர் தனக்கு வேண்டிய காற்றை இழுக்கும் அதே வேலையில் தன் எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கரையும் கட்டிக்கொள்கிறது. வரிவரியாகப் பள்ளம் போட்ட அலங்கார மெழுகுவர்த்திகளை அவர் கிண்டல் செய்ததற்கும் இதுதான் காரணம். பார்க்க அழகு; காற்று ஒரு சீராக ஏறாததால் கரை உடைந்து மெழுகு வழிந்து வீணாகும். இன்று பரிசுக் கடைகளில் விற்கும் பூ வடிவ, பொம்மை வடிவ மெழுகுவர்த்திகளையும் அந்தப் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம்.

திரிக்கும் ஒரு வரி. பழைய மெழுகுவர்த்திகளில் திரி எரியாமல் நீண்டு கருகிப் புகையும். அதைக் கத்தரிக்கவே தனிக் கத்தரி வைத்திருந்தார்கள். 1820களில் பிரான்சின் கம்பசேரே நூலை முறுக்காமல் பின்னித் திரி செய்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெளி ஓரத்தை, காற்றும் சூடும் மிகுந்த இடத்தை எட்டித் தானே சாம்பலாகிவிடும். கத்தரிக்கு வேலை போயிற்று. இன்று எந்த மெழுகுவர்த்தியை ஏற்றினாலும் திரியின் நுனி சற்றே சாய்ந்து, சிவந்த புள்ளியாக மின்னுவதைப் பார்க்கலாம்.

இனிச் சுடருக்குள் போகலாம்.

திரியை ஒட்டி, சுடரின் நடுவில், ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. அங்கே நெருப்பே இல்லை. மெழுகு ஆவிதான் இருக்கிறது. காற்று உள்ளே நுழைய வழியில்லை. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் வாயை அந்த இடத்தில் வைத்தால் ஆவி குழாய் வழியே வெளியேறும். மறுமுனையில் பற்றவைத்தால் அங்கே இன்னொரு குட்டிச் சுடர் எரியும். ஃபாரடே இதைச் செய்து காட்டினார். சுடர் என்பது திடமான ஒரு நெருப்புக் கொழுந்து இல்லை. உள்ளே ஆவியும் வெளியே காற்றும் சந்திக்கும் மெல்லிய உறை மட்டுமே எரிகிறது.

அந்த உறையின் அடிப்பகுதியில், கிண்ணத்துக்கு மேலே, நீலமாக ஒரு சிறு வளையம். அங்கே காற்று தாராளம். ஆவி வந்த வேகத்தில் எரிந்துவிடுகிறது. மூலக்கூறுகள் உடைந்து சேரும் பரபரப்பில் கரியும் ஹைட்ரஜனும் கொண்ட சில துணுக்குகள் கிளர்வுற்று, அந்தக் கிளர்ச்சியை நேரடியாக நீல ஒளியாக உதிர்க்கின்றன. வேதி ஆற்றல் வெப்பம் என்ற இடைநிலையில் தங்காமல் ஒளியாவது இந்த ஓர் இடத்தில்தான். ஒரு மதிப்பெண் விடைக்கு மிக நெருக்கமாக நடந்துகொள்ளும் பகுதி இது. ஆனால் இதன் ஒளியில் புத்தகம் படிக்க முடியாது.

படிக்க வெளிச்சம் தருவது மேலே இருக்கும் மஞ்சள். அங்கே காற்று பற்றாக்குறை. சூட்டில் மெழுகு ஆவி சிதைகிறது. முதலில் ஹைட்ரஜன் கழன்றுகொள்ள, கரியணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நுண்ணிய துகள்களாகத் திரளுகின்றன. வேறு சொல்லில், புகைக்கரி. அந்தத் துகள்கள் ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில், எரியாமல், பழுக்கக் காய்ச்சிய இரும்பைப்போல் ஒளிர்ந்துகொண்டே மேலேறுகின்றன. சுடரின் வெளி ஓரத்தை அடைந்ததும் அங்கே ஆக்சிஜன் காத்திருக்கிறது. எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிக் கண்ணிலிருந்து மறைகின்றன. பிறப்பதற்கும் மறைவதற்கும் இடையே ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரம். அந்தக் குறுகிய ஆயுளுக்குள் அவை தரும் ஒளிதான் மெழுகுவர்த்தி வெளிச்சம். சுடரின் ஒளிக்குக் காரணம் திடக் கரித்துகள்களே என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னவர் ஹம்ஃப்ரி டேவி. ஃபாரடேயை ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு அழைத்துவந்தவரும் அவரே.

கரி இருப்பதை நம்ப முடியாதவர்கள் ஒரு கரண்டியின் அடிப்புறத்தை மஞ்சள் பகுதியில் ஒரு கணம் காட்டினால் போதும். குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் துகள்கள் எரியும் வாய்ப்பை இழந்து அப்படியே படிந்துவிடும். விளக்கெண்ணெய்த் தீபத்தின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை பிடித்த நம் பாட்டிமார் செய்தது இதே காரியம்: எரிந்து காணாமல் போகவிருந்த கரியை, அது ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே தடுத்து எடுத்தார்கள்.

சமையலறை எரிவாயு அடுப்பு இதற்கு மறுபக்கச் சாட்சி. அங்கே வாயு வெளியே வருமுன்பே காற்றோடு கலந்துவிடுகிறது. கரி திரளவே நேரமில்லை. நல்ல நீலச் சுடர், நல்ல சூடு, வெளிச்சம் ஏறத்தாழ இல்லை. பர்னர் அடைத்துக்கொண்டு காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகிறது; பாத்திரத்தின் அடி கருக்கிறது. உடனே பழுது பார்ப்பவரைக் கூப்பிடுகிறோம். அடுப்பில் எதைக் குறை என்கிறோமோ, அதைத்தான் மெழுகுவர்த்தியில் ஏற்றி வைத்து அழகு என்கிறோம். அது கச்சிதமாக எரியக் கற்றுக்கொண்டால் அடுத்த நிமிடமே விளக்கு என்ற பெயரை இழந்துவிடும்.

அந்த மஞ்சளுக்குள் இன்னொரு செல்வமும் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வூசோங் சோ தலைமையிலான ஆய்வு 2011இல் வெளியானது. சுடரின் உள்ளே மிக மிகச் சிறிய வைரத் துகள்களும் உருவாகின்றன என்று அது காட்டியது. நொடிக்குச் சுமார் 15 லட்சம் துகள்கள். அத்தனையும் மேலே போகும் வழியிலேயே எரிந்து வாயுவாகிவிடுகின்றன. கரியும் கிராஃபைட்டும் வைரமும் ஒரே கூட்டமாகப் பிறந்து ஒரே கூட்டமாகப் போகின்றன.

இவ்வளவு ஆற்றலும் எங்கிருந்து வந்தது? மெழுகிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். மெழுகின் பிணைப்புகள் உடைந்து ஆற்றல் வெளிப்படுகிறது என்று எழுதும் புத்தகங்களும் இருக்கின்றன. இது தவறு, சற்று நின்று பார்க்க வேண்டிய தவறு. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு அமையும்போதுதான் ஆற்றல் வரவாகும். பாரஃபின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஒரு கரியணுவும் இரண்டு ஹைட்ரஜனணுக்களும் கொண்ட கண்ணி திரும்பத் திரும்ப வருவது. ஒரு கண்ணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 14 கிராம் மெழுகில் ஒரு மோல் அளவுக்கு இப்படிப்பட்ட கண்ணிகள் இருக்கும். அவற்றையும், அவற்றை எரிக்க வேண்டிய ஒன்றரை மோல் ஆக்சிஜனையும் முழுதாகப் பிரித்துப் போட ஏறத்தாழ 1,900 கிலோஜூல் செலவு. பிரிந்த அணுக்கள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சேரும்போது ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வரவு. மிச்சம் 600. சுடர் என்று நாம் பார்ப்பது இந்த மிச்சத்தைத்தான்.

மிச்சம் ஏன் வருகிறது என்று துருவினால் விரல் மெழுகை விட்டுவிட்டு ஆக்சிஜன் பக்கம் நீளும். மெழுகின் பிணைப்புகள் ஒன்றும் தளர்ந்தவை அல்ல, நல்ல உறுதியானவை. ஆக்சிஜன் மூலக்கூற்றின் இரட்டைப் பிணைப்புதான் இரட்டைக்குரிய வலு இல்லாதது: மோலுக்குச் சுமார் 500 கிலோஜூல். கார்பன் டை ஆக்சைடில் கரிக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே அமையும் இரட்டைப் பிணைப்பு சுமார் 800. வலுக்குறைந்த இணையிலிருந்து வலுமிக்க இணைக்கு ஆக்சிஜன் இடம் மாறுகிறது. 1917இல் தார்ன்டன் என்பவர் இதை வேறு வழியில் கண்டார். எரிபொருள் எதுவானாலும் அது எரியச் செலவாகும் ஆக்சிஜனின் அளவைப் பொறுத்தே வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய அமைகிறது என்றார். மெழுகோ பஞ்சோ மரமோ, ஒரு கிராம் ஆக்சிஜனுக்குச் சுமார் 13 கிலோஜூல். இன்றைக்கும் தீப்பாதுகாப்பு ஆய்வகங்களில் எரியும் பொருளின் வெப்பத்தை நேரே அளப்பதைவிட, அது எவ்வளவு ஆக்சிஜனை விழுங்கியது என்று பார்த்தே கணக்கிடுகிறார்கள். ஆகவே மெழுகுவர்த்தியின் ஆற்றல் கடையில் விலை கொடுத்து வாங்கிய மெழுகில் மட்டும் இல்லை. விலையில்லாமல் அறை முழுதும் நிற்கும் காற்றோடு சேர்ந்தே இருக்கிறது.

அந்தக் காற்றின் ஆக்சிஜனும் எங்கிருந்து வந்தது? பச்சையமுள்ள உயிர்கள் சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து வெளியே விட்டது. பாரஃபினோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் அதே சூரிய ஒளியில் சேர்த்த உடல். ஒரே வேலையின் இரண்டு பாதிகள் இவை. ஒரு பாதி மண்ணுக்கு அடியில் போயிற்று, மறுபாதி வானத்தில் கலந்தது. திரி நுனியில் இரண்டும் மீண்டும் சேருகின்றன. ஒளி வேதி ஆற்றலானபோது தண்ணீர் உடைந்தது; வேதி ஆற்றல் ஒளியாகும்போது தண்ணீர் பிறக்கிறது. சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்து, படியும் ஈரத்தை ஃபாரடே குழந்தைகளுக்குக் காட்டினார். ஒரு கிராம் மெழுகு எரிந்தால் ஏறக்குறைய 1.3 கிராம் தண்ணீர். நெருப்பு தன் எடையைவிட அதிகமாகத் தண்ணீரைத் தருகிறது என்பது எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு வியப்பு குறையாத செய்தி.

இப்போது அளவுகள். சாதாரண மெழுகுவர்த்தி மணிக்கு ஆறேழு கிராம் எரியும். அப்படியானால் அது வெளியிடும் ஆற்றல் சுமார் 75 வாட். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் வெளியிடும் வெப்பமும் 80 முதல் 100 வாட்தான். இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தால் அறைக்குள் ஏறத்தாழச் சமமான இரண்டு அடுப்புகள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான் என்று சொல்லித்தான் ஃபாரடே தம் ஆறாவது சொற்பொழிவை முடித்தார்: உள்ளே இழுத்த ஆக்சிஜன், வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடும் நீரும்.

அந்த 75 வாட்டில் ஒளிக்கு எவ்வளவு? ஒரு மெழுகுவர்த்தி எல்லாத் திசையிலுமாகத் தரும் ஒளி சுமார் 12 லூமென். கண்ணுக்குத் தெரியும் கதிர்வீச்சாக மட்டும் எண்ணினால் அது பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவு. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுக்கு ஈடு கொடுக்க எழுபது மெழுகுவர்த்திகள் வேண்டும்; அவை எழுபதும் சேர்ந்து 5,000 வாட்டுக்கு மேல் சூட்டைக் கொட்டும். கரித்துகள் அந்தச் சூட்டில் உமிழ்வதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கையைச் சுடருக்குப் பக்கவாட்டில் பிடித்தால் இதமாகத் தெரிவது அந்தக் கதிர்வீச்சு. அதே தூரத்தில் சுடருக்கு மேலே பிடித்தால் கையை உடனே எடுத்துவிடுவீர்கள். வெப்பத்தின் பெரும்பங்கு சூடான வாயுவோடு நேரே மேலே போய்க்கொண்டிருக்கிறது. இப்படி மோசமான விளக்கைத்தான் உலகம் நீண்ட காலம் ஒளிக்கு அளவுகோலாகவும் வைத்திருந்தது. 1860இல் பிரிட்டனில் வந்த சட்டம், திமிங்கிலத் தலையிலிருந்து எடுக்கும் ஸ்பெர்மாசெட்டி மெழுகால் செய்து, மணிக்கு 120 கிரெய்ன் எரியும் மெழுகுவர்த்தியின் ஒளியை ஓர் அலகாக வைத்தது. இன்றைய அலகான கேண்டெலாவும் பெயரில் மெழுகுவர்த்திதான்.

மேலே போகும் அந்த வாயுதான் சுடருக்கு வடிவம் தருகிறது. சூடான வாயு இலேசானது. கனமான குளிர்ந்த காற்று அதைக் கீழிருந்து தள்ளுகிறது. அடி அகன்று நுனி கூர்ந்த அந்த நீர்த்துளி உருவம் காற்றோட்டம் வரைந்தது. புவியீர்ப்பின் விளைவு தெரியாத இடத்தில் இது நடக்காது. 1992இல் கொலம்பியா விண்ணோடத்திலும், பிறகு மிர் விண்வெளி நிலையத்திலும் மெழுகுவர்த்திகளை ஏற்றிப் பார்த்தார்கள். சுடர் உருண்டையாக, மங்கலான நீலமாக, குட்டியாக நின்றது. மேல் கீழ் என்ற திசையே இல்லாதபோது சூடான வாயு எங்கே ஏறும்? ஆக்சிஜன் மெல்லக் கசிந்து வந்து சேர்ந்த அளவுக்கே எரிதல். சூடு குறைவு, கரி இல்லை, மஞ்சள் இல்லை. நம் வீட்டு மெழுகுவர்த்தியின் பொன்னிறம் பூமியின் ஈர்ப்புக்கும் கடன்பட்டிருக்கிறது.

மேலேறும் வெப்பத்தை வேலை வாங்கியவர்களும் உண்டு. ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் கிறிஸ்துமஸ் காலத்து மரப் பிரமிடுகளைச் செய்வார்கள். அடியில் மெழுகுவர்த்திகள், உச்சியில் இறக்கைகள். சூடான காற்று இறக்கையைத் தள்ள, தட்டுகளில் நிற்கும் பொம்மைகள் வலம் வரும். நம் ஊர்த் திருவிழாக் கடைத் தகரப் படகு இன்னும் சாமர்த்தியமானது. உள்ளே ஒரு துண்டுத் திரி, அதன் மேல் சின்னஞ்சிறு கொதிகலம், பின்னால் இரண்டு குழாய்கள். நீராவி விரிந்து குழாய்த் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். குளிர்ந்து சுருங்கியதும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். தள்ளும்போது நீர் ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும்போது எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசத்தில் படகு முன்னேறுகிறது. கொதிகலத்தின் மெல்லிய தகடு அதிர்ந்து டபடபவென்று சத்தம் எழுப்புகிறது. தாமஸ் பியோ என்பவர் 1891இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வேதி ஆற்றல் வெப்பமாகி, வெப்பம் இயக்கமாகி, இயக்கம் ஒலியாகி ஒரு வாளித் தண்ணீரைச் சுற்றி வருகிறது. தேர்வில் இதையும் கேட்கலாம். குழந்தைகள் சந்தோஷமாக எழுதுவார்கள்.

ஊதி அணைத்த பிறகும் ஒரு காட்சி மீதி இருக்கிறது. திரியிலிருந்து வெண்ணிறமாக ஓர் இழை எழும். அது புகைக்கரி இல்லை. எரியக் கிடைக்காமல் போன மெழுகு ஆவி குளிர்ந்து துளித்தது. அதனால்தான் கறுப்பாக இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது. அந்த இழையில், திரிக்கு இரண்டு விரற்கடை மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு இழை வழியே கீழே ஓடித் திரியில் மறுபடி அமரும். காற்று அசையாத அறையாக இருக்க வேண்டும். அணைத்த கையோடு செய்ய வேண்டும்.

ஃபாரடே காட்டியவற்றில் ஒன்று எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. வலுவான ஒளிக்கு முன்னால் எரியும் மெழுகுவர்த்தியை வைத்து அதன் நிழலைத் திரையில் விழச் செய்தார். சுடருக்கு நிழல் உண்டு! அந்த நிழலில் மிகக் கருமையான இடம் எது தெரியுமா? சுடரில் மிகப் பிரகாசமாக இருக்கும் அதே மஞ்சள் பகுதி. ஒளிர்வதும் கரி, ஒளியை மறிப்பதும் கரி. நீலப் பகுதிக்கு நிழல் இல்லை என்றே சொல்லலாம். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. காலை வெயில் நேரே விழும் வெள்ளைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுடரைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.